ஆசனவாய்ச் சீழ்க்கட்டியைக் கீறிய பிறகு ஆன்டிபயாடிக்: யாருக்கு வேண்டும், எப்படிச் சாப்பிடுவது

ஆசனவாயை ஒட்டி வந்த சீழ்க்கட்டியைக் கீறிச் சீழை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். அறுவைப் பிரிவின் கட்டு மாற்றும் அறையில் எனக்கு வேலை. அங்கே இரண்டு கேள்விகள் ஓயாமல் வரும். "இவ்வளவு பெரிய கட்டியைக் கீறிட்டு ஒரு மாத்திரைகூட எழுதலையே சிஸ்டர்?" என்பது ஒன்று. "அஞ்சு நாள் மாத்திரை தீர்ந்துபோச்சு, இன்னும் ஈரம் கசியுது, அதையே மறுபடி வாங்கிக்கலாமா?" என்பது இன்னொன்று. மாத்திரைதான் சிகிச்சை, கீறியது அதற்கு முன்வேலை என்ற நினைப்பிலிருந்துதான் இரண்டுமே வருகின்றன.

மருந்துகளின் பெயரையும் அளவையும் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் சீட்டில் இருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் அது. அதை வைத்துக் கடையில் வாங்கிவிடாதீர்கள்.

1. மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்

டிஸ்சார்ஜ் சீட்டை மடித்துப் பையில் வைக்கும் முன் ஒருமுறை படியுங்கள். கட்டி எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருந்தது, உள்பக்கம் ஓட்டை ஏதும் தென்பட்டதா, சீழைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் பரிசோதனை) அனுப்பினார்களா, ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் எத்தனை நாளைக்கு, அடுத்து எப்போது வர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். ஆறு வாரம் கழித்து வேறு டாக்டர் பார்க்க நேர்ந்தால், அவர் முதலில் தேடுவது இந்த விவரத்தைத்தான்.

நூல் போட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். கீறும்போதே பௌத்திரத்தின் (ஆசனவாயின் உள்பக்கத்திலிருந்து வெளித்தோல் வரை உண்டாகும் துளை) பாதை தெரிந்தால், சில டாக்டர்கள் அதன் வழியாக ஒரு நூலையோ மெல்லிய ரப்பரையோ வளையமாகக் கட்டிவிடுவார்கள். சீழ் தேங்காமல் வடிவதற்காக வேண்டுமென்றே விட்டது அது. "தையல் பிரிஞ்சு தொங்குது" என்று வீட்டிலேயே கத்தரித்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தெரியாமல் கத்தரித்தால் மறுபடி மயக்க மருந்து, மறுபடி நூல்.

டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில. சுகர், கிட்னி கோளாறு, பெனிசிலின் அலர்ஜி, இதய வால்வு மாற்றியது, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, ஸ்டீராய்டு, கர்ப்பம். மருந்தைத் தேர்ந்தெடுப்பது இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

வீட்டில் அகலமான பிளாஸ்டிக் பேசின், காஸ் துணி, தெர்மாமீட்டர், சானிட்டரி பேட் தயாராக இருக்கட்டும். ஆண்களும் பேட் வாங்கிக்கொள்ளலாம். கூச்சப்பட்டு டிஷ்யூ பேப்பரை மடித்து வைப்பவர்களுக்குத் தாள் ஊறிப் புண்ணில் ஒட்டிக்கொள்கிறது. அதைத் துணுக்குத் துணுக்காக எடுப்பது எங்கள் வேலையாகிறது.

2. கீறியதுதான் சிகிச்சை

ஆசனவாய்க்குச் சற்று உள்ளே, சுருக்குத் தசைகளுக்கு நடுவில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஒன்றின் வாய் அடைத்துக்கொண்டு உள்ளே கிருமி பெருகினால் சீழ் சேரும். அது தசைகளுக்கிடையே வழி பிடித்துத் தோலை நோக்கி வரும். பெரும்பாலான கட்டிகள் இப்படி வருபவைதான்.

சாப்பிடும் மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். சீழ் நிறைந்த குழிக்குள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள சதை வரை மருந்து போகும், சீழுக்குள் போதிய அளவில் போகாது. அதனால்தான் "மாத்திரையில் அமுங்கிடும்" என்று வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்குக் கட்டி பெரிதாகி, ஆழமாகி வருகிறது. கீறிச் சீழ் வெளியேறியதும் மிச்சமிருக்கும் கிருமியை உடம்பே சமாளித்துக்கொள்கிறது.

ஆகவே வேறு நோய் இல்லாதவர், கட்டி முழுமையாகக் கீறப்பட்டது, சுற்றிலும் சிவப்புப் பரவவில்லை, காய்ச்சல் இல்லை என்றால் ஆன்டிபயாடிக் எழுதாமல் அனுப்புவது சரியான வைத்தியம். அமெரிக்கப் பெருங்குடல் மலக்குடல் அறுவை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டு நெறியும் இதையே சொல்கிறது. டாக்டர் மறந்துவிட்டார் என்று நினைத்து வழியில் மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

3. யாருக்கு மாத்திரை வேண்டும்

அந்த நெறி மூன்று பேரைத் தனியாகப் பிரிக்கிறது. சுற்றியுள்ள தோலில் தொற்று பரவியவர், உடம்பு முழுக்கத் தொற்றின் அறிகுறி உள்ளவர், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்.

தோலில் பரவியிருப்பதைக் கண்டுபிடிப்பது எளிது. கீறிய இடத்தின் ஓரம் கொஞ்சம் சிவந்திருப்பது இயல்பு. அந்தச் சிவப்பு பிட்டத்தின் மேல் விரிந்து, தொட்டால் சூடாகவும் கெட்டியாகவும் இருந்தால் அது வேறு. கட்டு அறையில் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதிவிடுவோம். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது, உள்ளே சுருங்கியிருந்தால் அடங்குகிறது. வீட்டிலும் இதைச் செய்யலாம். போட்டோவை விட நம்பகமானது, ஏனென்றால் போட்டோவில் வெளிச்சத்துக்குத் தகுந்தபடி நிறம் மாறும்.

இரண்டாவது வகை, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், படபடவென்று நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல். இவர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரை போதாது. வார்டில் வைத்து ஊசி வழியாகத்தான் கொடுப்பார்கள்.

மூன்றாவது, எதிர்ப்புச் சக்தி. எச்ஐவி, கீமோதெரபி, உறுப்பு மாற்றத்துக்குப் பிந்தைய மாத்திரைகள், நாள்பட்ட ஸ்டீராய்டு எல்லாம் இதில் அடக்கம். கீமோவில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்தவருக்குச் சீழே சேராமல் வெறும் வலியும் கெட்டித்தன்மையும் மட்டும் இருக்கலாம். அங்கே ஆன்டிபயாடிக்தான் முன்னால் நிற்கும். நம் ஊரில் இந்தக் கூட்டத்தில் பெரும்பங்கு சுகர்காரர்கள். இந்தக் கட்டிக்காகச் செய்த ரத்தப் பரிசோதனையில்தான் தனக்குச் சுகர் இருப்பதே தெரிந்துகொள்பவர்களும் உண்டு. சுகர் இருந்தாலே மாத்திரை கட்டாயம் என்றில்லை. ஆனால் சுகர் ஏறிக்கிடக்கும்போது டாக்டர் கொடுப்பதற்கே அதிகம் சாய்வார், அது நியாயம்தான். மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு சுகரைக் கவனிக்காமல் விட்டால் புண் ஆறாது.

இதய வால்வு மாற்றியவர்களுக்குக் கணக்கு வேறு. இதய உள்ளுறைத் தொற்றைத் தடுக்க, கத்தி வைப்பதற்கு முன்பே ஒரு டோஸ் கொடுக்க வேண்டியிருக்கும். முன்பு அந்தத் தொற்று வந்தவர்களும் பிறவி இதயக் கோளாறு உள்ளவர்கள் சிலரும் இதில் சேர்வார்கள். அவசரத்தில் யாரும் கேட்காமல் போகலாம், நீங்களே முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

4. பௌத்திரம் வராமல் மாத்திரை தடுக்குமா?

சீழ்க்கட்டி வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு, சில கணக்குகளில் பாதிப் பேருக்குக்கூட, பின்னாளில் பௌத்திரம் வருகிறது. "அது வராம இருக்கத்தான் மாத்திரை" என்று சிலரிடம் சொல்லப்படுகிறது. இதில் ஆய்வுகளே ஒத்துப்போகவில்லை.

2011-இல் துருக்கியில் வெளியான ஆய்வில் அமாக்சிசிலின்–கிளாவுலனேட் பத்து நாள் சாப்பிட்டவர்களில் 37.3 சதவீதம் பேருக்குப் பௌத்திரம் வந்தது; வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 22.4 சதவீதம். அதாவது மாத்திரை தடுக்கவில்லை. 2017-இல் ஈரானில் வெளியான ஆய்வில் சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் ஏழு நாள் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 14 சதவீதம், சாப்பிடாதவர்களில் 30 சதவீதம். நேர் எதிர். 2019-இல் ஆறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 16 சதவீதம், சாப்பிடாதவர்களில் 24 சதவீதம் என்று மாத்திரையின் பக்கம் சாய்ந்தது. ஆனால் அந்த ஆய்வுகளின் தரம் பலவீனம் என்று தொகுத்தவர்களே எழுதினார்கள்.

இதனால்தான் ஒரே மாதிரிக் கட்டிக்கு ஒரு டாக்டர் ஏழு நாள் எழுதுகிறார், இன்னொருவர் ஒன்றும் எழுதுவதில்லை. இருவரில் ஒருவர் தப்பு செய்கிறார் என்று அர்த்தமில்லை. என் கணிப்பைக் கேட்டால், பௌத்திரத்தைத் தடுப்பதற்காக மட்டும் என்றால் அவசரப்பட்டு மாத்திரை கேட்டு வாங்க வேண்டியதில்லை. எழுதியிருந்தால் ஒழுங்காகச் சாப்பிட்டு முடியுங்கள்.

5. எழுதிக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடும் முறை

அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

சீட்டில் வழக்கமாக இரண்டு வகையில் ஒன்று இருக்கும். அமாக்சிசிலின்–கிளாவுலனேட் 625 மி.கி. தனியாக, அல்லது சிப்ரோஃப்ளாக்சசின் 500 மி.கி. இரண்டு வேளையும் மெட்ரோனிடசோல் 400 மி.கி. மூன்று வேளையும் சேர்த்து. இரண்டுமே குடல் கிருமிகளையும் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளையும் குறிவைப்பவை. பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு நாள். கிட்னி கோளாறு இருந்தால் அளவு மாறும்.

அமாக்சிசிலின்–கிளாவுலனேட்டைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் கூடும். முன்பு எப்போதாவது பெனிசிலின் வகையில் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம், உடனே டாக்டரிடம் சொல்லி மாற்றுங்கள்.

சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பால், தயிர், கால்சியம், இரும்பு, துத்தநாக மாத்திரை, அசிடிட்டிக்கான வெள்ளைத் திரவ மருந்து எல்லாம் எதிரி. அவற்றிலுள்ள தாது மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக் கையோடு மாத்திரை போட்டால் ஒரு பங்கு வீண். இரும்பு, கால்சியம், அசிடிட்டி மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ இதைப் போடுங்கள். கிளிமிப்பிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்த மருந்தால் சுகர் சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை வந்தால் சர்க்கரை போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுகர் பாருங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் புதிதாக வலி வந்தால் அடுத்த டோஸைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

மெட்ரோனிடசோல் வாயில் உலோகக் கசப்பைத் தரும், சிறுநீர் நிறம் கருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. மதுவை மட்டும், மருந்து முடிந்து மூன்று நாள் வரை, தொடக்கூடாது; தலைவலி, வாந்தி, படபடப்பு வரும். நான் குடிப்பதே இல்லை என்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். அரிஷ்டம் என்ற பெயரில் வரும் மருந்துகளில் நொதித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது. பிரசவித்த பெண்களுக்கும் செரிமானத்துக்கும் வீட்டில் அதைக் கொடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அந்த நாட்களில் நிறுத்திவையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுபவர்களுக்கு மெட்ரோனிடசோல் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும். ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை) பார்க்காமல் தொடராதீர்கள்.

இனி, கட்டு அறையில் அடிக்கடி பார்ப்பது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டதில் லேசாக வயிற்றுப்போக்கு. கடையில் சொன்னதும் ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் அட்டை ஒன்றை நீட்டுகிறார்கள். ஏற்கெனவே சிப்ரோஃப்ளாக்சசினும் மெட்ரோனிடசோலும் உள்ளே போய்க்கொண்டிருக்க, அதே குடும்பத்து மருந்துகள் வேறு பெயரில் இன்னொரு மடங்கு போகின்றன. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாத மருந்து. லேசான போக்குக்கு ஓஆர்எஸ் போதும். தண்ணீராகப் பலமுறை போனாலோ ரத்தம் கலந்தாலோ போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் போடாமல் டாக்டரிடம் வாருங்கள். ஆன்டிபயாடிக்கே குடலைப் புண்ணாக்கியிருக்கலாம்.

ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போட வேண்டாம். எழுதிய நாள் முடிந்ததும் நிறுத்துங்கள். புண்ணில் ஈரம் இருக்கிறது என்பது மாத்திரையை நீட்டிப்பதற்குக் காரணமே இல்லை.

6. புண்ணைப் பார்த்துக்கொள்வது

மாத்திரை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இது ஒன்றுதான். வரிசை முக்கியம்: மலம் கழித்தல், தண்ணீரால் கழுவுதல், வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருதல், ஒற்றித் துடைத்தல், பேட் வைத்தல். உட்கார்ந்து எழுந்த பிறகு மலம் கழித்தால் செய்ததெல்லாம் வீண். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை போதும்.

தண்ணீரின் சூட்டை முழங்கையை விட்டுப் பாருங்கள். சுகரால் உணர்ச்சி மங்கியவர்கள் கொதிநீரில் உட்கார்ந்து தோல் வெந்துபோய் வந்ததுண்டு. தண்ணீரில் டெட்டால், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம்.

குழிக்குள் காஸ் திணிக்க வேண்டுமா? ரத்தக் கசிவை நிறுத்த முதல் நாள் வைப்பது உண்டு. அதன் பிறகு தினமும் திணிப்பதால் பெரிய லாபம் இல்லை, வலிதான் அதிகம் என்று 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. உங்கள் குழி ஆழமாக இருந்து டாக்டர் வைக்கச் சொன்னால் தளர்வாக வையுங்கள். இறுக்கி அடைத்தால் கீறிய வழியே அடைபடும்.

ஆன்டிபயாடிக் பவுடரைப் புண்ணில் தூவும் பழக்கத்தை விடுங்கள். ஈரத்தில் கட்டியாகி மேலே மூடிக்கொள்ளும். இந்தப் புண் அடியிலிருந்து மேலே ஆற வேண்டும். மேல்தோல் முதலில் ஒட்டிக்கொண்டால் உள்ளே மறுபடி சீழ் சேரும்.

மலம் இறுகாமல் இருக்க இசப்கோலும் நிறையத் தண்ணீரும். முட்டை, மீன், பருப்பு எல்லாம் "சீழ் பிடிக்கும்", "கரப்பான்" என்று நிறுத்திவிட்டு வெறும் ரசம் சாதத்தில் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். புண் ஆறப் புரதம் வேண்டும். கிட்னிக்காக டாக்டர் கட்டுப்படுத்தியிருந்தால் ஒழிய எதையும் நிறுத்தாதீர்கள்.

7. தினமும் கவனிக்க வேண்டியது

முதல் சில நாள் ரத்தம் கலந்த நீர் கசியும். பிறகு புண்ணின் மேல் மஞ்சளாக ஒரு மெல்லிய படலம் தெரியும். அதைச் சீழ் என்று நினைத்துச் சுரண்டாதீர்கள், ஆறும் புண்ணில் வருவதுதான்.

கீறி ஒன்றிரண்டு நாளாகியும் காய்ச்சலோ வலியோ குறையவில்லை என்றால் "மாத்திரைக்கு பவர் பத்தல" என்பதுதான் எல்லோரும் சொல்வது. முதலில் சந்தேகப்பட வேண்டியது, வெளியேறாமல் எங்கோ தங்கியிருக்கும் சீழை. குதிரை லாட வடிவில் மறுபக்கம் வரை பரவும் கட்டிகள் உண்டு, மேலே இடுப்புக்குள் ஏறும் கட்டிகளும் உண்டு. மறுபடி பரிசோதனை, தேவைப்பட்டால் ஸ்கேன், மறுபடி கீறல். ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி நாள் கடத்துவது இந்த நோயில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

தோல் கருத்தல் அல்லது கொப்புளம், தொட்டால் நறநறவென்ற உணர்வு, விதைப்பை அல்லது பெண்ணுறுப்பின் பக்கம் வீக்கம், பார்வைக்குத் தெரிவதை விடப் பல மடங்கு வலி, நினைவு குழம்புதல்: இவற்றில் ஒன்று வந்தாலும் இரவு எத்தனை மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சதை அழுகும் தொற்றாக இருக்கலாம், சுகர்காரர்களுக்கு அபாயம் கூடுதல். மணிக்கணக்கில் பரவும். சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் அன்றே வர வேண்டும்.

8. கல்ச்சர் ரிப்போர்ட் வந்தால்

இரண்டு மூன்று நாளில் வரும். ஒரு கிருமியின் பெயரும் அதன்கீழ் மருந்துகளின் நீண்ட பட்டியலும் இருக்கும். புண் நன்றாக ஆறுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் பட்டியலில் எது "ரெசிஸ்டன்ட்" (கிருமி அந்த மருந்துக்கு அடங்காது) என்று இருந்தாலும் பெரும்பாலும் எதுவும் மாற்ற வேண்டியதில்லை. சிகிச்சை புண்ணுக்குத்தான், காகிதத்துக்கு இல்லை. ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள், மருந்துக்கடையில் வேண்டாம்.

அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, மாதக்கணக்கில் ஆறவில்லை என்றால் காசநோய்க்கான பரிசோதனைக்கும் சதைத் துணுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நம் நாட்டில் அதை ஒதுக்கிவிட முடியாது. கூடவே நாள்பட்ட வயிற்றுப்போக்கும் எடைக் குறைவும் இருந்தால் குடலில் கிரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி) இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

9. ஆறு வாரத்துக்குப் பிறகு

வலி போய், நடமாட்டமும் சரியான பிறகு பெரும்பாலோர் வருவதில்லை. சிறு துளை ஒன்று மிஞ்சி, அவ்வப்போது உள்ளாடையில் கறைபடுத்தினால் அது பௌத்திரமாக இருக்கக்கூடும். கசியும்போது ஐந்து நாள் மாத்திரை, நின்றதும் மறத்தல், மறுபடி கசிந்தால் மறுபடி மாத்திரை என்று ஆண்டுகள் ஓட்டியவர்கள் உண்டு. பாதை உள்ளே அப்படியே திறந்திருக்கும். ஆன்டிபயாடிக் அதை மூடாது. எம்ஆர்ஐ எடுத்துப் பாதையைக் கண்டுபிடித்து, சுருக்குத் தசைக்குச் சேதமில்லாமல் சரிசெய்ய வேண்டிய வேலை அது.

துளை மூடவில்லை, அல்லது மூடி மறுபடி வீங்குகிறது என்றால் அறுவைப் பிரிவுக்கு வாருங்கள். பழைய டிஸ்சார்ஜ் சீட்டையும், இடையில் என்னென்ன ஆன்டிபயாடிக் எந்தத் தேதியில் சாப்பிட்டீர்கள் என்ற குறிப்பையும் எடுத்து வாருங்கள். பெயர் நினைவில்லையென்றால் காலி அட்டைகளே போதும்.